வாசனை திரிந்தவர்களிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், வைரஸ் காய்ச்சல் குணமாகிப் பல மாதங்கள் ஆன பிறகும் காபியும் வெங்காயமும் கருகிய ரப்பரைப் போல நாறுவதாகவும், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் தான் வேறு அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொள்வதாகவும் ஒரு வாசகி எழுதியிருந்தார். அது 'பரோஸ்மியா' எனப்படும் வாசனைத் திரிபு என்றும், பெரும்பாலானோருக்குக் காலப்போக்கில் குறையும் என்றும், சில வாசனைகளை நாள்தோறும் முகரும் முகர்வுப் பயிற்சியோடு, நடப்பதை அப்படியே கவனிக்கும் மைண்ட்ஃபுல்னஸ் தியானமும் செய்து பார்க்கலாம் என்றும் மருத்துவர் பதிலளித்திருந்தார். பதிலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதே போன்ற ஒரு வரியை நம்பி, வேறு குறிப்பு எதுவும் இல்லாமல் தியான வகுப்பில் போய் அமர்ந்து, முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்து ஓடியவர்களுள் நானும் ஒருத்தி. பின்னர் அதே தியானத்தை வேறு விதமாகக் கற்று, அதனால் என் நாட்கள் மீண்டும் வாழத்தக்கவையாக ஆயின. இவ்விரண்டு அனுபவங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் காய்ச்சலின்போது வாசனை முற்றிலும் போயிற்று. ஏறத்தாழ ஒரு மாதத்தில் சோப்பின் மணம் மங்கலாகத் திரும்பியபோது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் காலை, ஏதோ மின்கம்பி கருகுகிறது என்று அஞ்சி வீட்டில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுத் தேடினேன். கடைசியில் அது என் கணவர் போட்டுக்கொண்டிருந்த காபி. அடுத்த ஒரு வாரத்திற்குள் வதக்கிய வெங்காயம், பூண்டு, முட்டை, பற்பசை, என் சொந்த வியர்வை என்று ஒவ்வொன்றாக அதே வாடைக்குள் போய் விழுந்தன. அது எப்படிப்பட்ட வாடை என்று கேட்பவர்களுக்கு என்னால் விடை சொல்ல முடிந்ததில்லை. கருகல் என்று சொன்னால் போதவில்லை, அழுகல் என்றாலும் போதவில்லை, மருந்து நெடி என்றாலும் போதவில்லை. பழந்தமிழில் 'நாற்றம்' என்ற சொல் பூவின் மணத்தையும் குறித்தது. நாளடைவில் அது கெட்ட வாடைக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கிவிட்டது. ஒரு சொல்லுக்குப் பல நூற்றாண்டுகளில் நேர்ந்தது என் மூக்குக்கு ஒரே வாரத்தில் நேர்ந்தது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் என்னை உடைத்துப்போட்டது என் மகளின் தலைமுடி. அவளை அணைக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினேன். ஏழு வயதுக் குழந்தைக்கு அது தெரியாமல் போகுமா?

இத்திரிபு ஏன் ஏற்படுகிறது என்பதை ஓரளவுக்கேனும் புரிந்துகொண்டது எனக்குத் தியானத்தைவிட முன்னதாகவே உதவியது என்பதால், அதை இங்கே சொல்லியாக வேண்டும். மூக்கின் உட்கூரையில் சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு மெல்லிய படலத்தில் வாசனை நரம்பணுக்கள் அமைந்துள்ளன. வாசனை மூலக்கூறுகளை உணரும் ஏற்பிகள் மனிதரிடம் சுமார் 400 வகை இருக்கின்றன; ஒவ்வொரு நரம்பணுவும் அவற்றுள் ஏதேனும் ஒரு வகையை மட்டுமே தாங்கி நிற்கிறது. இந்த ஏற்பிகளை உருவாக்கும் பெரிய மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்ததற்காகத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ஆகிய இருவருக்கும் 2004இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. காபியின் மணம் என்று நாம் சொல்வது ஒற்றை மணம் அன்று. பல ஏற்பிகள் ஒரே சமயத்தில் வெவ்வேறு அளவில் தூண்டப்படும்போது மூளை சேர்த்துப் படிக்கும் ஒரு கோலம் அது. கொரோனா வைரஸ் பெரும்பாலும் இந்த நரம்பணுக்களை நேரடியாகத் தாக்குவதில்லை என்றும், அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே தாக்குகிறது என்றும் 2020 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. தாங்குவன சிதைந்தால் தாங்கப்படுவனவும் சிதையும். நல்வாய்ப்பாக, வாசனை நரம்பணுக்கள் அடித்தளத்திலுள்ள மூல அணுக்களிலிருந்து வாழ்நாள் முழுவதும் புதிதாகப் பிறப்பவை. அப்படிப் பிறக்கும் புதிய நரம்பிழைகள் மண்டையோட்டின் சல்லடை போன்ற எலும்பைக் கடந்து மூளையிலுள்ள தத்தம் இடத்தைத் தேடிச் சென்று சேர வேண்டும். சில மட்டும் வந்து சேர்ந்து, சில வராமல், சில இடம் மாறி இணைந்திருக்கும் காலத்தில் மூளைக்குக் கிடைப்பது பாதிப் புள்ளிகள் அழிந்த கோலம். பரோஸ்மியாவுக்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வாசனை போனவுடன் வராமல், சில வாரங்களோ மாதங்களோ கழித்து அது தலைகாட்டுவதும் இதனோடு பொருந்துகிறது. சாதாரணச் சளிக்காய்ச்சல், இன்ஃப்ளுவென்ஸா ஆகியவற்றுக்குப் பிறகும் இது வருவதை மருத்துவர்கள் 2020க்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

ஏன் காபி, ஏன் வெங்காயம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், காபியிலிருந்து எழும் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாதிக்கப்பட்டவர்களை முகரச் செய்தார்கள். மிகப் பலருக்குக் குமட்டலை உண்டாக்கியது 2-ஃபியூரான்மெத்தேன்தயால் என்ற கந்தகச் சேர்மம். மற்றவர்களுக்கு வறுத்த காபியின் இனிய மணமாகத் தோன்றுவதும் இதே சேர்மந்தான். மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும் இத்தகைய கந்தகச் சேர்மங்களும் வறுக்கும்போது உண்டாகும் பைரசின்களும் வெங்காயம், பூண்டு, முட்டை, வறுத்த இறைச்சி ஆகியவற்றிலும் உள்ளன. இதைப் படித்த அன்று நான் அழுதேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்பதும், நான் சாப்பாட்டை வெறுக்கும் வீம்புக்காரி ஆகிவிடவில்லை என்பதும், குறிப்பிட்ட சில மூலக்கூறுகளுக்குக் குறிப்பிட்ட ஒரு காரணத்தால் என் மூக்கு தவறான செய்தி அனுப்புகிறது என்பதும் அன்றுதான் எனக்கு உறுதியாயின.

இனித் தியானத்திற்கு வருகிறேன். நான் சென்ற வகுப்பின் ஆசிரியர் அன்பானவர். அவர் பெயரையோ நிறுவனத்தையோ குறிப்பிட விரும்பவில்லை. கண்களை மூடச் சொன்னார். "மூச்சுக்காற்று நாசியின் நுனியைத் தொட்டு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் கவனியுங்கள்" என்றார். பெரும்பாலான தியான வகுப்புகளில் தரப்படும் முதல் அறிவுரை இதுதான். நூற்றாண்டுகளாக இலட்சக்கணக்கானோருக்கு அமைதி தந்த முறைதான். ஆனால் நான் மாதக்கணக்காக அஞ்சி ஒளிந்து வந்த இடம் அதே நாசியின் நுனி. அறையின் தரைவிரிப்பு, பக்கத்தில் அமர்ந்திருந்தவரின் தலை எண்ணெய், என் சட்டையின் சலவைத்தூள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. தொண்டை இறுகியது, வாயில் நீர் சுரந்தது, நெஞ்சு படபடத்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னால் வந்த ஆசிரியர், எதிர்ப்பதால்தான் துன்பம், எதிர்க்காமல் அதனோடு இருங்கள் என்றார். அவர் சொன்னது பொதுவாக உண்மையாக இருக்கலாம். ஆனால் நீந்தத் தெரியாதவரை ஆழத்தில் இறக்கிவிட்டுத் தண்ணீரோடு இசைந்து போகச் சொல்வதற்கு ஒப்பாக அது எனக்குப் பட்டது. தியானம் எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டி நான்கு மாதங்களை இழந்தேன். எத்தனை பேர் இப்படி முதல் நாளிலேயே விலகிப் போயிருப்பார்களோ என்பதுதான் என் கவலை.

எனக்கு நேர்ந்தது மனத்தின் பலவீனத்தால் அன்று என்று பிறகு உணர்ந்தேன். பார்வையும் ஒலியும் தொடுகையும் மூளையின் தாலமஸ் என்ற நிலையத்தின் வழியாகவே மேலே செல்கின்றன. வாசனையோ அந்த இடைநிலையத்தில் நிற்காமலேயே, அச்சத்தையும் உணர்ச்சியையும் ஆளும் அமிக்டலாவுக்கு நேராகச் சென்றுவிடுகிறது. கெட்டுப்போன உணவும் நச்சுப்புகையும் உயிருக்கு ஆபத்து என்பதால், அருவருப்பு என்ற உணர்ச்சி யோசனைக்கு இடங்கொடாமல் உடலை இயக்கும்படி அமைந்திருக்கிறது. கெட்ட வாடை என்று பட்ட கணத்திலேயே, நாம் அறியுமுன்பே, மூச்சிழுப்பு சுருங்கிவிடுகிறது. ஆகவே இங்கே துன்பம் இரண்டு அடுக்காக இருக்கிறது. மூக்கிலிருந்து வரும் தவறான செய்தி முதல் அடுக்கு. அச்செய்தியை உண்மையான ஆபத்தாக எடுத்துக்கொண்டு உடல் நடத்தும் போரும், அதன்மேல் மனம் எழுப்பும் கதைகளும் இரண்டாம் அடுக்கு. முதல் அடுக்கு நரம்புகள் வளர்ந்து சீராகும் வேகத்தில்தான் மாறும். எந்தத் தியானமும் நரம்பிழையை இழுத்துச் சரியான இடத்தில் இணைத்துவிடாது. கவனப் பயிற்சி வேலை செய்யும் இடம் இரண்டாம் அடுக்கு மட்டுமே. இதைத் தெளிவாகச் சொல்லாமல் 'தியானத்தால் வாசனை திரும்பும்' என்று தலைப்பிடுவோர், நோயாளிகளுக்கு நம்பிக்கை ஊட்டுவதாக நினைத்துக்கொண்டு, வாசனை திரும்பாதபோது 'நான் சரியாகத் தியானிக்கவில்லை போலும்' என்ற குற்றவுணர்வையும் சேர்த்துத் தந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் அடுக்கை மட்டும் தொடுவது சிறிய உதவியா என்று சிலர் கேட்கலாம். மருத்துவமனைக்குள் இப்பயிற்சி நுழைந்ததே இத்தகைய தேவைக்காகத்தான். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி ஒன்றைத் தொடங்கியபோது, அவரிடம் அனுப்பப்பட்டவர்களுள் பலர் நாள்பட்ட வலியால் அவதிப்பட்டு, மருந்தாலும் அறுவைச் சிகிச்சையாலும் முழுப் பயன் பெறாதவர்கள். வலியை நீக்குவதாக அவர் வாக்களிக்கவில்லை. வலியோடுள்ள உறவை மாற்றுவதைப் பற்றியே பேசினார். பரோஸ்மியாவுக்கு இன்னும் நெருக்கமான உறவு, காதிரைச்சல் எனப்படும் டின்னிடஸ். வெளியே ஒலி இல்லாதபோதும் காதில் ஓயாமல் ஒலிக்கும் அந்த இரைச்சலும் ஒரு புலனின் தவறான செய்திதான். லண்டனில் 75 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட மைண்ட்ஃபுல்னஸ் அடிப்படையிலான சிகிச்சை பெற்றவர்களுக்கு இரைச்சலால் ஏற்படும் துயரம் கூடுதலாகக் குறைந்தது. காதிரைச்சலுக்குக் கிடைத்த சான்றை வாசனைத் திரிபுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை அறிவேன். இருப்பினும், நீக்க முடியாத ஒரு புலன் தொல்லையோடு வாழ்வதற்கு இவ்வழி நியாயமானது என்று கருதுவதற்கு அது போதுமான ஆதாரம் என்றே நினைக்கிறேன்.

எனக்கு உதவிய முறையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மனநல ஆலோசகர் ஒருவரிடம் என் முதல் வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது, அவர் என்னை மூச்சின் பக்கமே போக வேண்டாம் என்றார். கவனத்தை நிறுத்த ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அது நாசியாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்றார். உள்ளங்கால் தரையில் அழுந்தும் உணர்வைத் தேர்ந்தெடுத்தேன். கண்களைத் திறந்தபடியே, மூன்று நிமிடம் மட்டும். மனம் ஓடிப் போகும்போதெல்லாம் உள்ளங்காலுக்குத் திரும்ப வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் வாசனை எதுவும் இல்லாத இடத்தில் இதை மட்டுமே செய்தேன். அதன்பின் உள்ளங்கைகள், நாற்காலியில் படிந்த முதுகு, அறைக்கு வெளியே கேட்கும் ஒலிகள் என்று சிறிது சிறிதாகக் கவனத்தை விரித்தேன். வயிறு ஏறி இறங்குவதைக் கவனிப்பது சிலருக்கு ஏற்றதாக இருக்கலாம். குமட்டல் மிகுந்த என்னைப் போன்றோருக்கு வயிறும் பாதுகாப்பான இடம் அன்று. திரும்பி வருவதற்கு நம்பகமான ஓர் இடம் அமைந்த பிறகே வாசனையை அணுக வேண்டும் என்பதுதான் நான் கற்ற முதற்பாடம். அந்த இடத்தை அமைக்கவே எனக்கு ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று.

பிறகு, அந்த வாடை வரும்போது அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றேன். மூக்கில் வருவது என்ன? அது எப்போது தொடங்கியது, எவ்வளவு வலுவாக இருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா? உடல் என்ன செய்கிறது? தொண்டை இறுகுகிறதா, தோள்கள் உயர்கின்றனவா, பற்கள் கடிபடுகின்றனவா? மனம் என்ன சொல்கிறது? என் மனம் எப்போதும் சொன்னது ஒரே வாக்கியம்: 'இது இனி ஒருபோதும் போகாது.' அந்த வாக்கியத்தை மறுக்கவோ மாற்றவோ முயலாமல், 'இதோ அந்த வாக்கியம் வந்திருக்கிறது' என்று மட்டும் குறித்துக்கொண்டு உள்ளங்காலுக்குத் திரும்புவேன். கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் இதைச் செய்வது எளிதாக இருக்கவில்லை. ஆனால் சில வாரங்களில் ஒன்றைக் கண்டுகொண்டேன். என் குறிப்பேட்டின்படி, பெரும்பாலான நேரங்களில் வாடையின் உச்சம் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. தொடர்ந்து இருக்கும் எந்த வாசனைக்கும் மூக்கு பழகி மங்கிவிடும் இயல்பு திரிந்த மூக்கிலும் ஓரளவு எஞ்சியிருந்தது. அந்த இரண்டு நிமிடத்திற்காக, அதற்கு முன் இரண்டு மணி நேரமும் பின் இரண்டு மணி நேரமும் நான் அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். சமையலறையில் பாத்திரம் நகரும் ஓசை கேட்டாலே என் வயிறு புரண்டிருக்கிறது. அந்த நான்கு மணி நேரம்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வாடை அப்படியேதான் இருந்தது.

'ஏற்றுக்கொள்ளுதல்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு சொல். தியானம் சொல்லித் தருவோர் இதை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். கேட்பவர்களோ 'சகித்துக்கொள்ளுதல்' என்று புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டு, வாடை வீசும் உணவை வலுக்கட்டாயமாக விழுங்குவதே பயிற்சி என்று சில நாட்கள் முயன்று வாந்தியெடுத்தேன். 'இப்போது இது இப்படி இருக்கிறது' என்று கண்டுகொள்வதுதான் ஏற்றுக்கொள்ளுதல். கண்டுகொண்ட பின் சன்னலைத் திறக்கலாம், எழுந்து போகலாம், அன்றைக்கு வேறு எதையாவது சாப்பிடலாம். அஞ்சி ஓடுவதற்கும் தெரிந்து விலகுவதற்கும் வெளிப்பார்வையில் வேறுபாடு இல்லை. உள்ளே மிகப் பெரிய வேறுபாடு உண்டு.

மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புகளில் உலர்ந்த திராட்சை ஒன்றைக் கையில் வைத்து, பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெல்லச் சுவைக்கச் சொல்லும் புகழ்பெற்ற பயிற்சி ஒன்று உண்டு. எங்களுக்கு அதையும் மாற்றித் தர வேண்டும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் வாசனையே. அது திரிந்துவிட்டாலும் நாக்கு அறியும் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. மிளகாயின் எரிச்சலும் புதினாவின் குளிர்ச்சியும் வேறொரு நரம்பின் வழியாக வருவதால் அவையும் எஞ்சுகின்றன. மொறுமொறுப்பு, வழவழப்பு, சூடு, குளிர்ச்சி எல்லாம் அங்கேயே காத்திருக்கின்றன. எனவே முகர்தலை விட்டுவிட்டு இவற்றின் மீது கவனத்தை வைத்தேன். உணவை ஆற வைத்தோ குளிர வைத்தோ உண்டால் ஆவியாகி எழும் சேர்மங்கள் குறைவதால் வாடையும் தணிகிறது. குளிர்ந்த தயிரும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் என் முதல் பாடங்கள். வெள்ளரிக்காய் பல்லில் உடையும் ஓசையைக் கேட்டுக்கொண்டே ஒரு துண்டை முழுதாகத் தின்று முடித்த நாளைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முன் என் எடை எட்டு கிலோ குறைந்திருந்தது.

முகர்வுப் பயிற்சியையும் இந்தக் கவனத்தோடு இணைக்கலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறைப்படி ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் சுமார் பத்து விநாடிகள் வீதம் முகர வேண்டும்; அவர்கள் அதைப் பன்னிரண்டு வாரங்கள் செய்ய வைத்தார்கள். ஆரம்பத்தில் நான் குப்பியைத் திறந்து 'வந்ததா, வரவில்லையா' என்று தேர்வு எழுதுவது போல முகர்ந்து, ஒவ்வொரு நாளும் தோற்று எழுந்தேன். இப்போது உள்ளங்காலில் கவனத்தை ஊன்றிக்கொண்டு, மெல்ல முகர்ந்து, வருவது எதுவோ அதை மட்டும் பார்க்கிறேன்: கூர்மையா, மந்தமா, குளிர்ச்சியா, ஒன்றுமே இல்லையா. ஒரு வாசனை தாங்க முடியாததாக இருந்தால் அதை மாற்றி வேறொன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அவசரம் போனபின் நான் இப்பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. பயனளிக்கிறதோ இல்லையோ தெரியாமலே மாதக்கணக்கில் தொடர வேண்டிய ஒரு பயிற்சிக்கு, விடாமல் தொடரும் மனநிலையே பாதி மருந்து.

சில எச்சரிக்கைகளையும் சேர்க்காமல் விட்டால் இக்கடிதம் தீங்காகிவிடும். முதலாவதாக, எல்லா வாடையையும் 'இதுவும் திரிபுதான்' என்று கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. எரிவாயுக் கசிவையும் புகையையும் கெட்டுப்போன உணவையும் எங்கள் மூக்கு நம்பகமாகச் சொல்லாது. வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவியும் எரிவாயு உணர்த்தும் கருவியும் இருக்க வேண்டும். உணவின் மீது தேதி எழுதி வைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் வீட்டிலுள்ள மற்றொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனைக்கு முன் இதை வைரஸின் விளைவு என்று தாமாகவே முடிவு செய்துகொள்ளக் கூடாது. சைனஸ் அழற்சி, மூக்கினுள் வளரும் சதை, தலையில் பட்ட அடி ஆகியவையும் வாசனையைக் கெடுக்கும். எதுவும் இல்லாதபோதே வாடை வந்து போனால், அரிதாக, வலிப்பு நோயின் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். எடை தொடர்ந்து குறைந்தாலோ, எதிலும் பற்றின்றி நாட்கள் இருண்டாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலோ தியானத்தை மட்டும் நம்பியிருக்காமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். பீதித் தாக்கமோ பழைய அதிர்ச்சியோ உள்ளவர்கள் தனியாகக் கண்ணை மூடி அமர்வதைத் தவிர்த்து, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு தொடங்குவது நல்லது.

வீட்டிலுள்ளவர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். "எனக்கு நன்றாகத்தானே மணக்கிறது" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது உண்மைதான், எங்களுக்கும் தெரியும். என் மகளிடம் ஒரு நாள் உட்கார்ந்து, அம்மாவின் மூக்கில் நோய் வந்து அறுந்த நூல்கள் மீண்டும் வளர்கின்றன, அவை தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பதால் நல்ல மணமெல்லாம் அம்மாவுக்குக் கெட்டதாகத் தெரிகிறது, உன் மீது ஒரு குறையும் இல்லை என்று விளக்கினேன். அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவளை அணைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை. அவள் கை என் முதுகில் படும் எடையைக் கவனிக்கிறேன். வாடை வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். சில நாட்களில் அது வருகிறது, சில நாட்களில் வெறும் ஷாம்பு மட்டும் மணக்கிறது.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. வாசனைத் திரிபுக்குத் தியானத்தைப் பரிந்துரைக்கும் குறிப்புகளை இனி வெளியிடும்போது, மூக்கைத் தவிர்த்து உடலின் வேறோர் இடத்திலிருந்து தொடங்கும்படி ஒரு வரியேனும் சேர்க்க வேண்டுகிறேன். தியான வகுப்பு நடத்துவோரும் புதிதாக வருபவர்களிடம், மூச்சைக் கவனிப்பதில் உங்களுக்கு ஏதேனும் இடர்ப்பாடு உண்டா என்று தொடங்குமுன் கேட்டுவிட்டால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பீதித் தாக்கம் உள்ளவர்களுக்கும்கூட அது உதவியாக இருக்கும்.

கேள்வி கேட்ட அந்த வாசகிக்கும் ஒரு வார்த்தை. சகோதரி, மற்றவர்கள் சாப்பிடும்போது நீங்கள் அடைத்துக்கொள்ளும் அந்தக் கதவின் இந்தப் பக்கத்தில் நானும் ஒன்பது மாதம் இருந்தேன். நாளைக்கே மேசைக்குப் போய் உட்கார வேண்டாம். அந்த அறையிலேயே, கண்களைத் திறந்தபடி, பாதங்களைத் தரையில் ஊன்றி மூன்று நிமிடம் இருந்து பாருங்கள். ஒரு சில வாரங்கள் கழித்து, குளிர்ந்த ஏதேனும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சன்னல் ஓரமாக ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி, எல்லோரும் பாதி சாப்பிட்ட பிறகு போய் உட்காருங்கள். எழுந்து வரத் தோன்றினால் எழுந்து வந்துவிடலாம் என்று வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி